செம்புக்கு ஒரு பிடி

ஈஎஸ்பி32-ரூம்-32 மாட்யூலின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று பக்கங்களில் வரிசையாக அரைவட்டக் குழிவுகள், மொத்தம் 38. ஒவ்வொன்றும் முழுத் துளையாகப் போடப்பட்டு, உட்சுவரில் செம்பு ஏற்றப்பட்டு, பிறகு நடுவோடு அறுபட்டது. போர்டு வடிவமைப்பவர்கள் இதைக் காஸ்டலேட்டட் ஹோல் என்போம். போர்டு தயாரிக்கும் ஃபேபில் கேட்டால் ஹாஃப் ஹோல் என்பார்கள். இங்கே பாதித் துளை என்றே எழுதுகிறேன்.

ஒரு சிறிய போர்டைப் பெரிய போர்டின் மேல் உதிரிபாகம்போலப் படுக்கவைத்துச் சால்டர் செய்துவிடலாம் என்பதுதான் இதன் பயன். பின் வேண்டாம், கனெக்டர் வேண்டாம், உயரமும் அதிகரிக்காது. 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் பின் செருகும் துளைகளும் உண்டு, விளிம்பில் பாதித் துளைகளும் உண்டு. பழகுபவர் பின் வைத்துக்கொள்ளலாம். பொருள் தயாரிப்பவர் அதே போர்டை மெஷினில் வைத்து ஓவனில் அனுப்பலாம். 51-க்கு 21 மில்லிமீட்டர் அளவுள்ள அந்த போர்டு இரண்டு விதமான மனிதர்களுக்கும் உதவுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

திரையில் பாதித் துளை வரைவது மிக எளிது. துளையின் மையத்தை போர்டின் விளிம்புக்கோட்டில் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோட்டின் வழியாக ஒரு வெட்டுக்கருவி ஓடப்போகிறது என்பதை மனத்தில் வைத்து வரைபவர்கள் குறைவு. என் அனுபவத்தில் பாதித் துளையின் நன்மை தீமை எல்லாம் அந்த அறுப்பில்தான் முடிவாகிறது.

அந்தக் கருவி, ரூட்டர் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழன்றபடி விளிம்பில் நகர்கிறது. ஒவ்வொரு துளையிலும் அது இரண்டு சுவர்களைச் சந்திக்கும். ஒரு சுவரில் பிட்டின் பல் துளையின் வெற்றிடத்திலிருந்து போர்டின் உடலுக்குள் நுழைகிறது. அங்கே செம்புக்குப் பின்னால் கண்ணாடியிழையும் எபாக்சியும் சேர்ந்த எஃப்ஆர்4 இருக்கிறது. செம்பு அதன்மேல் அழுந்தி நிற்பதால் சுத்தமாக அறுபடும். எதிர்ச் சுவரில் பல் போர்டின் உடலை அறுத்துக்கொண்டு வந்து வெற்றிடத்துக்குள் வெளியேறுகிறது. அங்கே செம்புக்கு முன்னால் தாங்கல் எதுவும் இல்லை. துளைச்சுவரில் இருப்பதோ வெறும் 20, 25 மைக்ரான் செம்பு. அது அறுபடாமல் வாழைமட்டையிலிருந்து நார் உரிவதுபோல உரிந்து குழிவுக்குள் தொங்கும். அதிர்ஷ்டம் கெட்டால் சுவரோடு முழுதாகப் பெயர்ந்து வரும். வரிசையில் உள்ள எல்லாத் துளைகளிலும் ஒரே பக்கத்துச் சுவர் மட்டும் கிழிந்திருந்தால் காரணம் இதுதான். பிளேட்டிங்கைப் பழிக்க வேண்டியதில்லை.

நல்ல ஃபேப்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன. கிழியக்கூடிய சுவரை மட்டும் போர்டைப் புரட்டிப்போட்டு எதிர்த்திசையிலிருந்து அறுப்பது ஒன்று. மற்றது வேலைகளின் வரிசையை மாற்றுவது. செம்பு ஏற்றி, அதன்மேல் பாதுகாப்பாகத் தகரம் பூசி, செம்பை அரிக்கும் முன்பே பாதித் துளைகளை அறுத்துவிடுவார்கள். பிறகு அமோனியா கலந்த கார அரிகரைசலில் போர்டு இறங்கும்போது, தகரம் மூடிய செம்பு தப்பிக்கும். அறுத்த முகத்தில் வெளித்தெரியும் செம்புப் பிசிறுகள் கரைந்துபோகும். கடைசியில் போடும் நிக்கல்-தங்கப் பூச்சு அறுத்த முகத்துச் செம்பின்மேலும் ஏறிவிடும். எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு அறுத்தால் அந்த முகத்தில் பூச்சில்லாத செம்பு காற்றுபட்டுக் கறுக்கும். பாதித் துளைக்கு ஃபேப் தனிக்கட்டணம் கேட்பது இந்தக் கூடுதல் வேலைக்காகத்தான். அது நியாயமான கட்டணம்.

வடிவமைப்பவரின் பங்கு, அந்த மெல்லிய செம்புக்கு எவ்வளவு பிடி கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுப்பது. மேலேயும் கீழேயும் துளையைச் சுற்றிப் பேட் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு லேயர் போர்டில் உள் லேயர்களிலும் வளையம் வையுங்கள். அங்கே எந்த இணைப்பும் இல்லாவிட்டாலும் வையுங்கள். அந்த வளையங்கள் துளைச்சுவரை போர்டின் உடலுக்குள் ஆணி அடித்ததற்குச் சமம். இணைப்பில்லாத உள் வளையங்களை நீக்கிவிடுவது பல ஃபேப்களில் ஃபைலைத் தயாரிப்புக்குச் சரிசெய்யும் கேம் (CAM) பிரிவில் பழக்கம். டிரில் பிட்டின் ஆயுள் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தத் துளைகளில் நீக்க வேண்டாம் என்று குறிப்பில் எழுதாவிட்டால் உங்கள் ஆணிகள் காணாமல் போகும்.

அடுத்தது துளையின் அளவு. பல ஃபேப்கள் 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே ஒப்புக்கொள்வதில்லை. ரூட்டர் 0.1 மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போவது சகஜம். 0.6 துளையில் அரைவட்டத்தின் ஆழம் 0.3. அதில் 0.1 தவறினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிஞ்சிய வில் அரைவட்டத்துக்கும் குறைவு, செம்பின் பிடி தளர்ந்துவிடும். அதே 0.1 ஒரு மில்லிமீட்டர் துளையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே இடம் இருக்கும்வரை பெரிய துளை போடுவதே என் வழக்கம். இடைவெளி 1.27 மில்லிமீட்டர் என்றால் அந்தச் சலுகை இல்லை. 0.6 துளை, சுற்றிலும் 0.2 வளையம், பேட் அகலம் 1.0, இரண்டு பேட்களுக்கு நடுவே 0.27 மிஞ்சும். இருபுறமும் 0.05 விட்டால் நடுவில் 0.17 மில்லிமீட்டர் சால்டர் மாஸ்க் நிற்கும். அது நின்றால்தான் ஈயம் பக்கத்துப் பேடுக்கு ஓடாது. துளை மையத்தைக் கோட்டிலிருந்து இம்மியளவு உள்ளே தள்ளி வைப்பவர்களும் உண்டு. 0.05 வரை சரி. அதற்குமேல் போனால் குழிவின் வாய் குறுகி, இரண்டு ஓரங்களிலும் பலமில்லாத உதடுகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பாதித் துளை உள்ள பக்கத்தில், போர்டைப் பேனலிலிருந்து பிரிக்கப் போடும் வி-கட் கூடாது. போர்டைப் பேனலில் பிடித்துவைக்கும் பற்றுகள் துளையில்லாத பக்கத்தில் இருக்கட்டும். உருகிய ஈயத்தைப் பூசும் எச்ஏஎஸ்எல் வேண்டாம், குழிவில் ஈயம் திட்டுத்திட்டாகத் தங்கி மாட்யூல் சமமாக உட்காராது.

ஃபைல் அனுப்பும்போது, இது வேண்டுமென்றே செய்த பாதித் துளை என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் ஃபேப் பொறியாளர் கண்ணுக்கு அது விளிம்பைத் தாண்டிப்போன பிழையாகத்தான் தெரியும். கீகேட் மென்பொருளில் பேடின் பண்பாகவே இதைக் குறிக்கலாம். விளிம்புத் தூரச் சோதனை கத்துகிறது என்று அந்த விதியையே அணைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி அணைந்தால் போர்டின் மற்ற விளிம்புகளில் இருக்கும் உண்மையான பிழைகளும் ஓசையின்றி ஃபேபுக்குப் போய்ச்சேரும்.

கீழே இருக்கும் பெரிய போர்டிலும் கவனம் வேண்டும். அதன் பேட் மாட்யூலின் விளிம்பைத் தாண்டி வெளியே அரை மில்லிமீட்டராவது நீளட்டும். அப்போதுதான் ஈயம் அரைவட்டச் சுவரில் ஏறி நிற்பது கண்ணுக்குத் தெரியும். சமதளமும் முக்கியம். எஸ்எம்டி போர்டுகளுக்கு வழக்கமாக 0.75 சதவீத வளைவு அனுமதி. 25.5 மில்லிமீட்டர் நீள மாட்யூலில் அது 0.19 மில்லிமீட்டர். ஈயப் பசை பூசும் ஸ்டென்சிலின் தடிமன் 0.12 மில்லிமீட்டர் என்றால் பசையின் உயரத்தைவிட வளைவு அதிகம்! நடுவிலோ மூலையிலோ ஒரு கால் தொடாமல் நின்றுவிடும். அதனால் மாட்யூலின் மேல், கீழ் லேயர்களில் செம்பின் பரப்பைச் சமமாக வையுங்கள். வெளியே நீளும் பேடில் பசையைத் தாராளமாக விடுங்கள்.

அடியில் மட்டும் பேட் உள்ள எல்ஜிஏ மாட்யூல்கள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் வயற்காட்டில் பம்ப்செட்டைச் செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி போன்ற பொருளுக்கு நான் பாதித் துளையையே தேர்வேன். அந்தப் பெட்டி பழுதானால் சிற்றூர்க் கடையில் இருப்பது சால்டரிங் அயர்னும் ஹாட் ஏரும்தான், அடியில் மறைந்த இணைப்பைக் காட்டும் எக்ஸ்ரே இல்லை. பாதித் துளையின் ஒவ்வொரு சால்டர் இணைப்பையும் மெக்கானிக் கண்ணால் பார்க்கலாம். விட்டுப்போனதை ஒரு சொட்டு ஈயத்தில் மீட்கலாம். ஒரு விவசாயி புதுப் பெட்டி வாங்காமல் தப்பிக்க அது போதும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களை இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் கொடுக்கும் முன், துளைகளை அரிப்புக்கு முன்பு அறுக்கிறீர்களா பின்பா என்று ஃபேபிடம் கேளுங்கள். போர்டு வந்ததும், உதிரிபாகம் ஏற்றுவதற்கு முன், பிட் வெளியேறிய பக்கத்துச் சுவர்களை உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.