மிதித்தால் ஓடும்: குலசேகரத்தில் தெரிந்த ஒரு உறவு!

திருவட்டாறு தாண்டி குலசேகரம் நோக்கி பஸ் திரும்பினாலே ரப்பர் தோட்டங்கள்தான். மரத்தில் சாய்வாக ஒரு வெட்டு, கீழே பால் பிடிக்க ஒரு சிரட்டை. விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் போகிறவர்கள் இந்த மரங்களைக் கவனிப்பதே இல்லை. ஆனால், ரப்பருக்கு உலகமெங்கும் கிராக்கி வந்ததில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார்.

அந்த சைக்கிளுக்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு, தையல் மிஷின்! இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தையல் மிஷின் செய்துவந்த ஒரு கம்பெனி, 1869-ல் பெயரையே மாற்றிக்கொண்டு சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. அங்கே வேலை செய்த ஜேம்ஸ் ஸ்டார்லிதான் பின்னாளில் சைக்கிள் தொழிலின் தந்தை என்று புகழப்பட்டார்.

சொந்தம் என்பது பார்த்தாலே தெரியும். பழைய ராலே சைக்கிளும் சிங்கர் மிஷினும் பெரும்பாலும் கறுப்பு உடம்பு, தங்க நிறக் கோடுகள். இரண்டுக்கும் கரன்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். ஒன்றில் செயின், மற்றதில் தோல் பெல்ட். என்ன பழுது என்பது கண்ணுக்கே தெரியும்; ஸ்குரூ டிரைவரும் எண்ணெய்க் குப்பியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அழகைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்ததில் இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பிளஸ் ஒன் மாணவிக்கு இலவச சைக்கிள், ஆதரவற்ற பெண்ணுக்கு இலவசத் தையல் மிஷின் என்று தமிழக அரசும் இரண்டையும் கொடுக்கிறது. ஒன்று பள்ளிக்கூடம் வரை கொண்டுபோகும், இன்னொன்று வீட்டுக்கே வருமானம் கொண்டுவரும்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ பரணிலோ பாட்டியின் மிஷினோ தாத்தாவின் சைக்கிளோ கிடக்கிறதா? இரும்பு விலைக்கு எடை போடும் முன், ஒருமுறை தூசி தட்டி எண்ணெய் விட்டுப் பாருங்கள். சக்கரம் சுற்றினால், அதற்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது!