ஐம்பூதத் தலங்களுக்கு ஒரு கோடைப் பயணம்

படப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தோட்டம், வீட்டுக் கொல்லை என்று பொருள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில், இன்று பொழுது புலருமுன்னரே ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. புதிய கார்களை அடுக்கிச் சுமந்த நீண்ட லாரிகளுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. இங்கு வாழும் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்பது பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மட்டுமன்று. தகப்பனாரின் ஷிப்ட் அட்டவணையும் அதனோடு இசைந்து வர வேண்டும்.

அவ்வாறு இசைந்து வந்த மூன்று நாட்களை நம்பி, சென்ற சித்திரையில் இவ்வூர்க் குடும்பம் ஒன்று பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் தரிசிக்கத் திட்டமிட்டது. காரணம், வீட்டிலுள்ள 73 வயதுப் பாட்டி. பணி ஓய்வு பெற்றதும் ஐந்து தலங்களுக்கும் அழைத்துச் செல்வதாக அவருடைய கணவர் சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்துக்கு மட்டும் சென்று வந்தார்கள். அதற்குமேல் காலம் இடந்தரவில்லை. மூட்டு வலி ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் நிலையில், இந்தக் கோடையை விட்டால் இனி எப்போது என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது.

பேத்திக்கோ வேறோர் ஆசை. அமெரிக்காவிலுள்ள அத்தை குடும்பத்தினர் கோடையில் படுக்கையும் சமையலறையும் கொண்ட பெரிய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 1872இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா முதலிய இடங்களைச் சுற்றி வந்த படங்களை அவள் பார்த்திருந்தாள். “நாமும் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கிக்கொண்டு போகலாமே, பாட்டி” என்றாள். பாட்டி சிரித்துவிட்டு, தம்முடைய சிறுவயதில் வில்வண்டியில் கோயிலுக்குப் போனதைச் சொன்னார். வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்த வண்டி. புளியோதரை மூட்டை, தண்ணீர்க் கூஜா. பின்னிரவில் புறப்பட்டு, வெயில் ஏறியதும் ஏதேனும் ஒரு சத்திரத்திலோ குளக்கரை மரநிழலிலோ மாட்டை அவிழ்த்துக் கட்டினால், மாலை நான்கு மணிக்குமேல்தான் மீண்டும் பூட்டுவார்கள். உச்சிவேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும், மாடும் இளைப்பாறும், மனிதரும் இளைப்பாறுவர்.

இந்தக் கதையை மகன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தயாரித்த முதல் அட்டவணையில் மூன்றே நாட்களில் ஐந்து தலங்களும் அடங்கியிருந்தன. ஐந்தும் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை என்று கைப்பேசியில் வந்த செய்தியொன்றும் அவருக்கு ஊக்கம் தந்தது. இந்தச் செய்தி பலரிடையே உலவுவதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 79.7 பாகையை ஒட்டி, வடக்குத் தெற்காக அமைந்திருப்பது உண்மை, வியப்புக்குரியதும்கூட. ஆனால் திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் மேற்கே உள்ளன. வண்டியில் செல்வோருக்கு அது நேர்கோடு அன்று. வளைந்து வளைந்து செல்லும் வழி.

படப்பையிலிருந்து காஞ்சி சுமார் 45 கி.மீ. அங்கிருந்து வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை சுமார் 120. அடுத்து விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் ஏறத்தாழ 150. சிதம்பரத்திலிருந்து திருவானைக்கா சுமார் 160. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக வீடு திரும்ப 290. காளஹஸ்தியோ நேர் எதிர்த்திசையில், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாகப் போக 120, வர 120. எல்லாம் கூட்டினால் ஆயிரம் கிலோமீட்டர். காகிதத்தில் மூன்றால் வகுப்பது எளிது. ஆனால் தரிசன நேரத்தை அப்படி வகுக்க முடியாது.

கோயில் நேரங்களை எழுதிப் பார்த்தபோதுதான் அட்டவணை ஆட்டங்கண்டது. ஏகாம்பரநாதர், அண்ணாமலையார், நடராசப் பெருமான் ஆகிய மூன்று சந்நிதிகளிலும் நண்பகலுக்குப்பின் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். ஒரு கோயிலுக்கு அரைமணி தாமதமானாலும், அதற்கு நான்கு மணி நேரம் வெளியில் காத்திருக்க வேண்டும். அதுவும் அக்கினி நட்சத்திரக் காலத்தில், செருப்பில்லாத காலோடு, கொதிக்கும் கருங்கல் பிராகாரத்தில். சிவலிங்கத் திருமேனிக்கு மேலேயே தாராபாத்திரம் கட்டிக் குளிர்விக்கும் நாட்கள் அவை. வயதானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மருமகள்தான் பென்சிலை எடுத்து வேறு விதமாக எழுதினார். மூலவருக்குரிய நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, வண்டிக்குரிய நேரத்தைப் பிறகு நிரப்பும் முறை அது. யாத்திரை செல்லும் எல்லாக் குடும்பங்களும் கைக்கொள்ளத்தக்கது.

முதல் நாள் விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டால், நடை திறக்கும்போதே பிருதிவித் தலமாகிய காஞ்சியில் இருக்கலாம். மணல் லிங்கமாதலால் ஏகாம்பரநாதர் திருமேனிக்கு நீர் அபிஷேகம் இல்லை, ஆவுடையாருக்கே அபிஷேகம். எட்டரைக்குக் கிளம்பினால் நண்பகலுக்குமுன் திருவண்ணாமலை. உடனே தரிசனத்துக்கு ஓடாமல் அறையில் ஓய்வு. மாலையில் அக்கினித் தலத்து இறைவன் தரிசனம். 14 கி.மீ. கிரிவலத்தை மறுநாள் பின்னிரவு மூன்று மணிக்குத் தொடங்கினால் தார்ச்சாலை குளிர்ந்திருக்கும். நடக்க இயலாதவர்கள் பௌர்ணமி அல்லாத நாளில் வண்டியிலேயே வலம்வந்து, அஷ்ட லிங்கச் சந்நிதிகளில் இறங்கி வழிபடலாம்.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்றுக்குப் புறப்பட்டால் இரவு அர்த்தசாம பூஜைக்குச் சிதம்பரம். ஆகாயத் தலத்தில் இரவு வழிபாட்டின் அமைதி தனி. மறுநாள் முற்பகல் இரண்டாம் கால பூஜையில் மாணிக்கத்தால் ஆன ரத்னசபாபதிக்கு அபிஷேகம் நடைபெறும். பின்புறம் தீபாராதனை காட்டும்போது திருமேனி முழுதும் செவ்வொளி ஊடுருவி நிற்பதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். நீர்த்தலமாகிய திருவானைக்காவில் உச்சிக்கால பூஜை மிகச் சிறப்பு வாய்ந்தது. அர்ச்சகர் புடைவை உடுத்து, கிரீடம் சூடி, அகிலாண்டேசுவரியின் வடிவாகவே வந்து ஜம்புகேசுவரரைப் பூசிக்கிறார், கோபூஜையும் செய்கிறார். முற்பகலில் சிதம்பரம், நண்பகலில் திருவானைக்கா என்று இரண்டையும் ஒரே நாளில் காண எந்த வண்டியாலும் முடியாது. மூன்றாம் நாள் மாலை கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கிப் பெருவுடையாரை வணங்கிவிட்டு இரவு திருச்சியில் தங்கினால், நான்காம் நாள்தான் அந்தப் பூஜை கிடைக்கும்.

ஆக, நான்கு தலங்களுக்கே நான்கு நாட்கள். மகன் தயங்கினார். இருப்பது மூன்று நாள் விடுப்பு. திருவண்ணாமலையிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் இரவோடிரவாக வண்டியை ஓட்டச் சொன்னால் ஒரு நாள் மிச்சமாகும், காளஹஸ்தியையும் சேர்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த பாட்டி குறுக்கிட்டார்.

“ஓட்டுகிற பிள்ளை எப்போது தூங்குவான்?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“மாட்டையே வெயிலில் அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்டினோம். வாயுலிங்கத்தை அடுத்த மாதம் பார்த்தால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பிள்ளைக்கும் நம்மோடு ஓர் அறை எடுங்கள்.”

இதைப் பாட்டியின் பெருந்தன்மை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வாடகை வண்டி பேசும்போது ஓட்டுநரின் பேட்டாவைப் பேசுகிறோம். அவர் படுக்கும் இடத்தைப் பேசுவதில்லை. பல யாத்திரைகளில் அவர் கொசுக்கடியில் இருக்கையிலேயே சுருண்டு கிடந்துவிட்டு, விடியலில் பன்னிரண்டு உயிர்களைச் சுமந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறார்.

வண்டியைப் பற்றி இன்னும் சில. மஞ்சள் எண்பலகை கொண்ட டெம்போ டிராவலரே ஏற்றது. தெரிந்தவருடையது என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டில் தொல்லை வரும். காளஹஸ்தி ஆந்திர மாநிலத்தில் இருப்பதால், அனுமதிச் சீட்டும் வரியும் வாடகையில் அடங்குமா என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எரிவாயு அடுப்பை வண்டிக்குள் ஏற்றவே கூடாது. முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு அந்தந்த ஊர் உணவு. தண்ணீர் மட்டும் தாராளமாக.

காளஹஸ்தியைத் தனியே பிரித்ததில் ஒரு வசதியும் இருந்தது. அங்கு நண்பகலிலும் நடை சாத்துவதில்லை; கிரகண காலத்திலும் திறந்திருக்கும் கோயில் அது. ஷிப்ட் முடிந்து தாமதமாகப் புறப்பட்டாலும் தரிசனம் தவறாது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் பரிகார பூஜைக்குக் கூட்டம் நெருக்கும் என்பதால் வாரநாளே நல்லது. சிலந்தியும் யானையும் பூசித்த கதை திருவானைக்காவுக்கும் உண்டு, காளஹஸ்திக்கும் உண்டு. ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் பார்க்கும் குழந்தைகள் அதைத் தாமே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

மகன் மேலும் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை நான்கரை மணிக்கு, தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு நடுவே அந்த வண்டியும் படப்பையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. பாட்டி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். மடியில், கணவர் காஞ்சியில் வாங்கித் தந்த பழைய விபூதிப் பை.