பின்சீட்டுப் பையும் நாலு கட்டும்

பாபநாசத்திலிருந்து திருச்செந்தூர் வரை தாமிரபரணியை ஒட்டிப் போகிற சாலையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாலே, இருசக்கர வண்டியில் சுமை கட்டும் வித்தையில் பாதி பிடிபட்டுவிடும். பால் கேன், வாழை இலைக்கட்டு, பத்தமடைப் பாய்ச் சுருள், கள்ளிடைக்குறிச்சி அப்பளப் பொட்டலம் எல்லாம் இரண்டு சக்கரத்தின் மேலேதான் ஊர் போய்ச் சேருகின்றன. சுமைக்காரர்களில் நிறையப் பேர் வைத்திருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் தட்டையான இரும்பு கிடைக்கும், கயிறு போட அக்கம்பக்கம் கம்பி கிடைக்கும். டிவிஎஸ்ஸைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சுமை தூக்க இந்த வட்டாரம் நம்புகிற வண்டி அவர் பெயரில் ஓடுவதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பைக் சீட் தைக்கிறவன். ரெக்ஸின், ஃபோம், சீட் பேஸ் இவைதான் என் தொழில். சில வருஷங்களாகப் புதுவகை வேலை ஒன்று வருகிறது. நீண்ட தூரம் போகிற பையன்கள் பெங்களூர், மும்பை கம்பெனிகள் தயாரிக்கிற பின்சீட்டுப் பைகளை ஆன்லைனில் வாங்கிவிட்டு, அது வண்டியில் நிற்கவில்லை என்று கடைக்கு வருகிறார்கள். "அண்ணாச்சி, பை ஆடுதுல்லா, என்னன்னு பாருங்க" என்பதுதான் முதல் பேச்சு. நான் பையைத் தொடுவதில்லை. "சீட்டக் கழத்துங்க தம்பி" என்பேன்.

சீட்டைக் கழற்றினால்தான் விஷயம் தெரியும். பை நிற்பதும் விழுவதும் சேஸ் கையில் இருக்கிறது. கட்டுவதற்கு நாலு இடம் வேண்டும், நாலும் இரும்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு என்றால் கைப்பிடிக் கம்பியின் போல்ட் உட்காரும் இடம். முன்பக்கம் இரண்டு என்றால் பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் பிராக்கெட், அல்லது சீட்டுக்கு அடியில் ஓடும் சேஸ் குழாய். இண்டிகேட்டர் தண்டில் கட்டக்கூடாது. பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் கட்டினால் அது விரிசல் விடும். சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மில் கட்டவே கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது மேலும் கீழும் ஆடுவதால், வார் ஒரு கணம் தளர்ந்து மறுகணம் விறைக்கும். பத்து மைல் போவதற்குள் கட்டு கழன்றுவிடும்.

அடுத்தது இழுப்பின் திசை. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நாலு வாரையும் நேர் கீழே இழுத்துக் கட்டினால் பை அழுந்தி உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் பிரேக் பிடித்ததும் அது முன்னால் நகர்ந்து ஓட்டுகிறவரின் இடுப்பை முட்டும், அவரை டாங்க் மேல் தள்ளும். பந்தல் காலுக்கு இழுகயிறு கட்டுவதுபோல, முன்வார் இரண்டும் கீழே சாய்ந்து முன்னோக்கிப் போக வேண்டும், பின்வார் இரண்டும் கீழே சாய்ந்து பின்னோக்கிப் போக வேண்டும். முன்வார், வண்டி கிளம்பும்போது பை பின்னால் வழுக்காமல் பிடிக்கும். பின்வார், பிரேக் போடும்போது முன்னால் வராமல் பிடிக்கும். நாலும் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருந்தால் மட்டுமே பை அசையாது.

வாரை மாட்டப் பையோடு கம்பெனி கொடுக்கும் வளையம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அதனால் நானே செய்து கொடுக்கிறேன். கார் சீட் பெல்ட் வார்தான் அதற்கு நல்லது. அது பாலியெஸ்டர். நைலான் வார் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. ஒரு சாண் நீளம் வெட்டி, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் சேர்த்து வளையமாக்கி, நாற்கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். பருத்தி நூல் ஆகாது, இரண்டு மழைக்காலத்தில் இற்றுவிடும். போல்டுக்கான ஓட்டையைக் கத்தியால் போடாமல், காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட வேண்டும். அப்போது இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. மேலே அகல வாஷர் வைத்து கைப்பிடி போல்டிலேயே முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தேவையில்லாதபோது வளையத்தைச் சீட்டுக்கு அடியில் செருகிவிடலாம், வெளியே தெரியாது.

வாரைச் சீட்டுக்கு அடியில் கொடுக்கிறபோது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட் பேஸின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் புஷ் இருக்கும், அவைதான் சேஸில் உட்காரும். தடித்த வாரோ பிளாஸ்டிக் பக்கிளோ அங்கே மாட்டிக்கொண்டால் சீட் முழுதாக இறங்காது. பூட்டு பாதியில் நிற்கும். கையால் தூக்கிப் பார்த்து, பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைப் பற்றி என் கருத்து கடுமையானது. ரப்பர் நீளும் பொருள். பள்ளத்தில் பை எழும்பினால் கயிறும் கூடவே எழும்பும். கட்டும்போது கொக்கி நழுவினால் நேரே முகத்துக்கு வரும், கண் போய்விடும். கழன்று தொங்கினால் சக்கரத்தில் சுற்றும். மேலே ஒரு ரெயின்கோட்டைச் சொருக அதைப் பயன்படுத்தலாம். முழுச் சுமையையும் அதை நம்பி விடக்கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகு பைக்கு வருவோம். தனியாக இரண்டு மூன்று நாள் போகிறவருக்கு 30 லிட்டர் போதும். கூடாரம், படுக்கை என்று கொண்டுபோகிறவருக்குத்தான் 60, 70 லிட்டர். பை பெரிதானால் அதை நிரப்பத்தான் மனசு போகும். 2020-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் சைக்கிளில் வைக்கும் பெட்டிக்கு ஒரு அளவு சொன்னது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பின்சீட்டில் வைத்தால் ஓட்டுகிறவர் மட்டுமே போகலாம். அது பெட்டிக்குச் சொன்ன அளவு என்றாலும், பைக்கும் அதையே மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உயரத்தில் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

காரணம் நம் ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நாகர்கோவில் சாலையில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு போகும்போது அந்தக் காற்று பக்கவாட்டில் அறையும். உயரமாக நிமிர்ந்து நிற்கும் பை அதைப் பாய்மரமாக வாங்கும். ஹேண்டில்பாரில் நடுக்கம் தெரியும். தாழ்ந்து, ஓரம் உருண்ட பைக்கு அந்தத் தொல்லை குறைவு. கனமான பொருள் அடியில், ஓட்டுகிறவர் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். பின்சக்கர அச்சுக்கு அப்பால் கனம் தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

மழை விஷயத்தில் ஜிப் வைத்த பையையும் மேலே போர்த்தும் உறையையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. குற்றாலத்துச் சாரல் கனமாகப் பெய்யாது, ஆனால் நாள் முழுக்க ஊறும். ஜிப்பின் பல்லிடுக்கு வழியே உள்ளே இறங்கும். உறை காற்றில் உப்பி, ஒரு பக்கம் கழன்று படபடக்கும். வாயை மூன்று முறை சுருட்டிப் பூட்டுகிற தார்ப்பாய்த் துணிப் பைதான் நமக்கு ஏற்றது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சேறு ஏறிய பைகள் கடைக்கு நிறைய வந்தன. ஜிப் பைகளில் ரன்னர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, உள்பூச்சு தோல் தோலாக உரிந்து வந்தது. சுருட்டுப் பைகளைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலும் ஜிப்புக்கு எமன். அந்தச் செம்மணல் பல்லுக்குள் ஏறிவிட்டால் எந்த எண்ணெயும் உதவாது.

சீட்டின் வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும். புல்லட் மாதிரி அகலச் சீட்டில் எந்தப் பையும் உட்காரும். பின்பக்கம் தூக்கிய, ஒடுங்கிய இரட்டைச் சீட்டு வண்டிகளில் பையின் அடி சீட்டைவிட அகலமாக இருந்தால் இரு ஓரமும் தொங்கும். தொங்குகிற பக்கத்தில் தூக்கிய சைலன்சர் இருந்தால் பை உருகும். சீட்டுக்கும் பைக்கும் நடுவே அலமாரித் தட்டில் விரிக்கிற வழுக்காத ரப்பர் விரிப்பு ஒரு துண்டு போட்டால் வழுவழு ரெக்ஸினிலும் பை பிடித்து உட்காரும். ரெக்ஸினும் தேயாது.

கட்டி முடித்ததும் வாரின் மிச்ச நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையத்தில் சொருக வேண்டும். தொங்கும் ஒரு முழ வார் செயினில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக்கூடாது. பின்டயரில் இரண்டு பேர் போவதற்குச் சொன்ன காற்றை அடைக்க வேண்டும், ஷாக் அப்சார்பரை ஓரிரு படி ஏற்ற வேண்டும். கிளம்பியதும் முதல் டீக்கடையில் நிறுத்தி நாலு வாரையும் மறுபடி இழுத்துவிட வேண்டும். உள்ளே துணி அமுங்கி, கட்டு நிச்சயம் தளர்ந்திருக்கும்.

பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்டும், சேலை சிக்காத மறைப்பும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதனால்தான் எல்லா வண்டியிலும் அவை வருகின்றன. சுமை கட்ட நாலு இரும்பு வளையத்தையும் கம்பெனிகள் எல்லா வண்டியிலும் வைத்துக் கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் கொக்கி வருகிறது, அது போதாது. அதுவரை, பை வாங்கும் முன் உங்கள் வண்டியின் சீட்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.