612 மணித்தியாலம்

போன கிழமை அக்காவின் மகன் எங்கள் வீட்டு மேசை லாச்சியைக் கிளறி, என் பழைய பி.எஸ்.பி.யைக் கண்டெடுத்தான். சார்ஜரைத் தேடிச் செருகினோம். இன்னும் வேலை செய்தது. உள்ளே மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட். என் வேட்டைக்காரனின் அட்டையைத் திறந்தவன் ஒரு கணம் பேசாமல் இருந்தான். விளையாடிய நேரம்: 612 மணித்தியாலம்.

"மாமா, இவ்வளவு நேரமும் என்ன செய்தீங்கள்?"

நல்ல கேள்வி. அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். இங்கே ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

கேப்காம் நிறுவனத்தின் இந்த விளையாட்டு வட அமெரிக்காவில் 2009 ஜூனில் வெளியானது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பனிமலை அடிவாரக் கிராமம் ஒன்றில் நீங்கள் ஒரு வேட்டைக்காரர். ஒரு மிருகத்தை வீழ்த்தி, அதன் செதிலிலும் எலும்பிலும் வாளும் கவசமும் செய்து, அதைவிடப் பெரிய மிருகத்திடம் போகவேண்டும். பெரும்பாலான வேட்டைகளுக்கு 50 நிமிடம். மூன்று தரம் விழுந்தால் தோல்வி.

இதன் முதல் பலம், உங்கள் ஆளுக்கு 'லெவல்' கிடையாது என்பது. கவசத்தைக் கழற்றினால் முதல் நாள் இருந்த அதே ஆள்தான். வளர்வது நீங்கள். மிருகத்தின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடும் இல்லை. அது நொண்டுகிறதா என்று பார்த்துத்தான் அறியவேண்டும். மருந்து குடித்தால் உங்கள் ஆள் கைகளை மடக்கிப் பலம் காட்டிக்கொண்டு நிற்பான். அந்த ஓரிரு நொடி உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலே யோசிக்காவிட்டால் மருந்தும் போய்விடும், உயிரும் போய்விடும்.

டைக்ரெக்ஸ் என்ற மிருகத்திடம் நான் ஒன்பது தடவை தோற்றேன். பத்தாவது தடவை வாளை எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் ஓடி ஓடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது பாய்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. அன்றே வென்றேன். இன்று ஒரு வாடிக்கையாளரின் சிஸ்டம் நடுச்சாமத்தில் விழுந்தால், எதையும் தொடுவதற்கு முன் லொக் முழுவதையும் வாசிக்கிறேன். அந்தப் பொறுமையை எனக்கு முதலில் பழக்கியது டைக்ரெக்ஸ்தான்.

இரண்டாவது பலம், அந்த நாளில் பலர் குறையாகச் சொன்னது. விளையாட்டுக்குள் இணைய வசதி இல்லை. நான்கு பேர் சேர்ந்து வேட்டையாடலாம், ஆனால் நாலு பேரும் பக்கத்தில் இருக்கவேண்டும். அதனால் ஸ்கார்பரோவில் எந்தச் சாமத்தியவீடு, எந்தக் கலியாணம் என்றாலும் நானும் மூன்று மச்சான்மாரும் மண்டபத்தின் ஒரு மூலையில் இருப்போம். மடியில் ரோல்ஸ் தட்டு, கையில் பி.எஸ்.பி. "உந்தப் பெட்டிக்குள்ள அப்பிடி என்னதான் கிடக்கு?" என்று அம்மம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். இன்று அந்த மூவரும் மூன்று நாடுகளில். ஆனாலும் நாங்கள் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவதில்லை.

இனிக் குறைகள். நடக்கிற குமிழும் கமராவைத் திருப்புகிற பொத்தான்களும் இரண்டுமே இடது பக்கத்தில். பெருவிரலால் நடந்து, சுட்டுவிரலை நண்டுக்கால் போல வளைத்துக் கமராவைத் திருப்பவேண்டும். விரல் வலிக்கும். ப்ளீசியாத் என்றொரு மீன் மிருகம் இடுப்பால் இடிக்கும். அதன் உடல் படாத தூரத்தில் நின்றாலும் அடி விழும். நாலு பேருக்கான வேட்டைக்குத் தனியாகப் போனாலும் மிருகத்தின் உயிர் குறையாது.

இவையெல்லாம் எரிச்சல்தான், ஆபத்து இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது.

நல்ல கவசத்துக்கு அரிய பாகம் ஒன்று வேண்டும். அது கிடைப்பது குலுக்கல். நூற்றுக்கு 2 வாய்ப்பு என்று வையுங்கள். ஐம்பது தடவை வென்றாலும் அது கிடைக்காமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. ஐம்பத்தோராவது தடவையும் அதே நூற்றுக்கு 2தான். முந்தைய ஐம்பதும் கணக்கில் சேராது. நிகழ்தகவைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும், ரத்தலோஸை எப்படி வெல்வது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய நிலையில், ஒரு பாகத்துக்காக அதையே இரவிரவாகக் கொன்றுகொண்டிருந்தேன். உழைக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்றேன். அதே நிகழ்தகவுப் பாடம்.

இரண்டு கிழமை மறைத்துவிட்டு, அப்பா இரவு வேலைக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்துச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். சப்பாத்தைக் கட்டிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்.

"விளங்கேல்லையோ, படிக்கேல்லையோ?"

"படிக்கேல்லை."

"அப்ப படிக்கலாம்" என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்று அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கோடை விடுமுறையில் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்துச் சித்தியடைந்தேன்.

புதிதாக வந்த மான்ஸ்டர் ஹன்டர்களில் கமரா பிரச்சினை இல்லை. இணையத்தில் யாரோடும் சேரலாம். 2021 இல் வந்த ரைஸில் நாயில் ஏறிச் சவாரியே போகலாம். அரிய பாகத்துக்கான குலுக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆகவே மருமகனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த 612 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 200 மணித்தியாலம் பழகினேன். 100 மணித்தியாலம் மச்சான்மாரோடு இருந்தேன். அந்த 300ஐ யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். மிச்சம் முழுவதும் குலுக்கலுக்குக் காத்திருந்தேன்.

உங்கள் அட்டையில் இருக்கும் எண்ணையும் ஒருமுறை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.