ரெத்தம் குடுத்தா ரிசல்ட் வருமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாணம் பேசும் வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு சிறுவனுக்குத் தலசீமியா. நாலு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பு இதயத்தையும் ஈரலையும் பழுதாக்கும், அதை வெளியேற்ற வேறு மருந்து. உம்மாவும் வாப்பாவும் சுகதேகிகள். இருவருமே அந்தப் பரம்பரை அலகின் காவிகள் என்பது பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிய வந்தது.

கிளினிக்கில் ஓர் ஆய்வுக்காகக் குடும்பத்தில் எல்லோரிடமும் இரத்த மாதிரி கேட்டிருக்கிறார்கள். கையொப்பம் வைக்க மூன்று பக்கப் படிவம், முழுக்க ஆங்கிலம். ராத்தா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தா.

"டீச்சர், எங்கட ரெத்தத்த எடுத்து என்ன செய்யப் போறாங்க? குடுக்கவா, வேணாமா?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எடுப்பது கொஞ்ச இரத்தம்தான். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். செங்குழியத்தில் கரு இல்லை, அதனால் வெண்குழியத்திலிருந்துதான் டீஎன்ஏ எடுப்பார்கள் என்று சொன்னேன். இப்படிக் கொடுத்த மாதிரிகள் வீண் போகவில்லை என்பதையும் சொன்னேன். ஆக்ஸ்போர்ட் விஞ்ஞானி டேவிட் வெதரோல் எங்கள் நாட்டு வைத்தியர்களுடன் சேர்ந்து செய்த தலசீமியா ஆய்வு 2000 இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது.

ஆனாலும் அந்தக் குழாயில் இருப்பது ஒருவருடைய விஷயம் மட்டுமல்ல. தங்கச்சி, சாச்சா, மாமி எல்லோருடைய விஷயமும் அதில் இருக்கிறது. கேட்காமல் கையொப்பம் வைக்கக் கூடாது. கொப்பித் தாளில் நாலு கேள்வி எழுதிக்கொண்டு போனோம்.

பெயர் போகுமா? இல்லை, இலக்கம் மட்டும். மிச்ச இரத்தத்தை வேறு ஆய்வுக்கு எடுப்பீர்களா? திரும்பவும் கேட்டுத்தான். பிறகு வேண்டாம் என்றால்? விலகலாம், மகனின் வைத்தியம் மாறாது. முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா?

இந்த நாலாவதுக்குத்தான் ராத்தா எதிர்பார்க்காத பதில் வந்தது. ஆய்வு முடிவு ஆளுக்காள் வராது. காவியா என்று அறிய வேறாக ஒரு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அவவின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கு இரத்தம் கொடுத்துவிட்டால், ஒன்றும் சொல்லி அனுப்பாதவரை மகளுக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தா. அன்றைக்கே அந்தப் பரிசோதனையையும் செய்தார்கள். மகளும் காவி.

"வெளிய சொன்னா சம்பந்தம் முறிஞ்சிடும்" என்று ராத்தா அழுதா. மகள் சொன்னாள்: "மறைச்சு முடிச்சிட்டு, தம்பி படுற பாட்ட என்ட பிள்ளையும் படணுமா, உம்மா?"

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை காவி இல்லையென்றால் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. இருவரும் காவியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4 இல் 1 வாய்ப்பு. அவர் இன்னும் பரிசோதிக்கவில்லை. வீட்டார் யோசிக்கிறார்களாம்.

யோசிக்கட்டும். ஆனால் இந்தப் பிள்ளையைப் பற்றி ஊரில் யாரும் குறைவாகப் பேச வேண்டாம். காவி என்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. எங்களில் எத்தனை பேர் தெரியாமலே காவிகளாக இருக்கிறோமோ?

ஆய்வுக்கு இரத்தம் கேட்டால் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். சம்பந்தம் பேசும் முன் அந்த மற்றப் பரிசோதனையையும் செய்யுங்கள். ஆங்கிலப் படிவம் விளங்காவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து வாசிப்போம்.