ஜிம்மிக்கு நான் செய்த துரோகம்

எங்கள் நாய் ஜிம்மியின் உடம்பில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி குடியிருக்கிறது. மருந்து கொடுத்து அதை அடக்கி வைக்கலாம். முற்றாக ஒழிக்க முடியும் என்று எந்த வைத்தியரும் உறுதி தருவதில்லை. அது ஜிம்மிக்கு வந்ததற்கு நானே காரணம். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழி கிடையாது. புறப்படுமுன் மிருக வைத்தியர் எச்சரித்தார். வழியில் ஒரு தோட்டக்காரப் பெண்ணும் எச்சரித்தாள். இருவருக்கும் தலையாட்டினேன். மனைவியிடம் பொய் சொன்னேன். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஜிம்மியின் மருத்துவக் குறிப்பிலேயே பொய் ஏறவிட்டேன்.

நான் லண்டனில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். காலையில் வண்டி எடுக்குமுன் சில்லு, விளக்கு, கண்ணாடி, கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் படிவத்தில் அடையாளம் இட்டே பழகியவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய கேரவன் வாங்கினேன். 2023 மே மாதம் அதைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு மனைவி, ஜிம்மி, பூனை சுந்தரி எல்லோருமாகப் புறப்பட்டோம். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலேறினால் கடலடிச் சுரங்கத்தால் 35 நிமிடத்தில் பிரான்ஸ். பர்கண்டி, ரோன் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி ஸ்பெயினில் கத்தலோனியா, எப்ரோ கழிமுகம், வலென்சியா. திரும்பும்போது சலமன்கா, பாஸ்க் நாடு, போர்தோ. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் அதற்குள் திரும்பும்படி திட்டம்.

பயணத்தில் கண்ட அழகையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது புறப்படுவதற்கு முந்திய நாட்களைப் பற்றி.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பின், 2021 ஜனவரி 1 முதல் இங்கே வழங்கிய பழைய செல்லப்பிராணிக் கடவுச்சீட்டுகள் செல்லாமல் போயின. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகச் சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முந்திய 10 நாளுக்குள் அதிகாரம் பெற்ற மிருக வைத்தியர் அதில் கையொப்பமிட வேண்டும். விலங்கின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டு 21 நாள் கழிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றும் பிசகாமல் செய்தேன். செலவும் கொஞ்சமல்ல.

கையொப்பமிட்டு முடித்ததும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு, “இதில் இல்லாத ஒன்று சொல்ல வேண்டும்” என்றார். மத்தியதரைக் கடலோர நாடுகளில் மணல் ஈ கடித்து நாய்களுக்கு லீஷ்மேனியா தொற்றும். பிரிட்டனில் மணல் ஈ இல்லாததால் இங்கே பலருக்கு அதன் பெயரே தெரியாது. எல்லையிலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து ஒன்று உண்டு, ஆனால் உங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, பூனையின் உடலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, உயிருக்கே ஆபத்து என்றார். ஆகவே ஜிம்மிக்கு டெல்டாமெத்ரின் ஊட்டிய கழுத்துப்பட்டி போடுங்கள், மருந்து தோலெங்கும் பரவ நாளெடுக்கும், புறப்படக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும், சுந்தரி அதை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

பட்டி அங்கேயே விற்பனைக்கு இருந்தது. அதன் விலை, காருக்கு அடிக்கும் ஒரு முழுத் தாங்கி டீசல் விலையில் பாதிகூட வராது. சான்றிதழுக்கு அள்ளிக் கொடுத்த எரிச்சலில், வெளியே மலிவாக வாங்குகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். தள்ளுபடிக் கடை ஒன்றில் வேப்பெண்ணெயும் சித்திரனெல்லாவும் தோய்த்த ஒரு சாம்பல் நிறப் பட்டி கண்ணில் பட்டது. பூச்சிகளை விரட்டும், பூனைகளுக்கும் தீங்கில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. ஊரில் அந்தி நேரத்தில் வேப்பிலைப் புகை போட்டு நுளம்பு விரட்டி வளர்ந்தவன் நான். இது போதும் என்று மனம் உடனே சொல்லிவிட்டது. உண்மையில் அந்த மனத்தை இணங்க வைத்தது வேம்பு அல்ல, விலைதான். அதை அப்போதே அறிந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜிம்மியின் கழுத்தில் மாட்டும்போது மனைவி கேட்டாள்: “டொக்டர் சொன்ன பட்டிதானே?”

“ஓம், அதுதான்.”

கேட்ட மறுகணமே வந்த பதில். யோசிக்கக்கூட இல்லை.

தெருவில் நான் கவனமானவன். கேரவனின் முன்பாரம் கொழுவியில் எவ்வளவு விழுகிறது என்று தராசு வைத்துப் பார்ப்பேன். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் கேரவன் பாம்பு போல் வளைந்து காரையே புரட்டிவிடும். ஸ்பெயின் நெடுஞ்சாலையில் கேரவன் இழுக்கும் காருக்கு 90 கிலோமீட்டர் என்றால் என் முள் அதைத் தாண்டாது. ஓடும்போது கேரவனுக்குள் விலங்கை விடக்கூடாது என்பதால் ஜிம்மி பின் இருக்கையில் வார் போட்டு, சுந்தரி கூண்டில். வெயிலில் மூடிய வாகனத்துக்குள் அவர்களை ஒருநாளும் விட்டுப் போகவில்லை. படிவத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் அடையாளம் இட்டேன். பட்டி எந்தப் படிவத்திலும் இல்லை.

கத்தலோனியாவின் உட்பக்கத்தில் பிரியோராத் என்று ஒரு மலைப்பகுதி. திராட்சைக்கும் ஒலிவுக்கும் பேர்போனது. சரிவெல்லாம் படி படியாகக் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள். நாய்களிடம் லீஷ்மேனியா நெடுங்காலமாகக் காணப்பட்டு ஆராயப்பட்ட இடம் அது என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன். மணல் ஈ பெயருக்கேற்ப மணலில் வளர்வதில்லை. இப்படியான கற்சுவர் இடுக்குகளிலும் ஈரமான மக்கிலும்தான் வளர்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். நுளம்பைப் போல ரீங்காரம் கிடையாது. சாதாரண நுளம்பு வலையின் கண்களுக்குள்ளால் நுழைந்துவிடும். பொழுது சாய்ந்தால் வெளியே வந்து விடியும்வரை கடிக்கும். மூக்கு, காதோரம், வயிறு என்று மயிர் குறைந்த இடமாகத் தேடிக் கடிக்கும்.

நாங்கள் தங்கிய முகாமுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய வேட்டை நாயும். அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டி. அவள் ஜிம்மியைக் கொஞ்ச வந்தவள், தாடையை உயர்த்தி, என் சாம்பல் பட்டியை விரலால் தேய்த்து மணந்து பார்த்தாள். முகம் மாறியது. தன் நாயின் பட்டியைத் தொட்டுக் காட்டினாள். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைக் கையால் காட்டி, விரல் நுனிகளைச் சேர்த்து ஜிம்மியின் மூக்கில் குத்திக் காட்டி, “லீஷ்மேனியா” என்றாள். பாஷை தெரியாவிட்டாலும் ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கியது.

அடுத்த பட்டணத்துக்குப் போனால் சரியான பட்டி வாங்கியிருக்கலாம். காரில் சிறிது தூரம். பணமும் இருந்தது. அங்கேதான் நான் செய்தது முழுக் குற்றமாகிறது. புதுப் பட்டியோடு திரும்பி வந்தால் மனைவி, “அப்ப இது என்ன பட்டி?” என்று கேட்பாள். முதல் நாள் சொன்ன “ஓம்” பொய்யென்று ஆகும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் போகவில்லை. லண்டனில் செய்தது கஞ்சத்தனம். பிரியோராத்தில் செய்ததற்கு அந்தப் பெயர் போதாது. என் முகத்தைக் காப்பாற்ற, ஆபத்து என்று அறிந்த இடத்தில் ஜிம்மியை விட்டேன். கேரவனுக்குள் புழுக்கம் என்று அன்றிரவும் அடுத்துவந்த இரவுகளிலும் வெளிக்கூடாரத்தின் கீழ் அவனைக் கட்டிவிட்டு நாங்கள் நேரம்செல்லும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அவன் அடிக்கடி முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும் வழியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாய் பிரிட்டனுக்குள் நுழையுமுன் 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஒரு மிருக வைத்தியர் நாடாப்புழு மாத்திரை கொடுத்து, நாளும் நேரமும் எழுதி முத்திரையிட வேண்டும். அந்தப் புழு நாய்க்குப் பெரிய கெடுதல் செய்யாது. மனிதருக்குத் தொற்றினால் ஈரலில் கட்டியாக வளரும். பிரிட்டனில் அது இல்லை, வரவிடக்கூடாது என்பதற்காகவே அந்த விதி. பிரான்சில் ஒரு மருத்துவரைத் தேடிப்பிடித்து, மாத்திரை கொடுத்த நேரத்திலிருந்து மணிக்கணக்குப் பார்த்து எல்லைக்கு வந்து சேர்ந்தேன். மனிதரைக் காக்கும் விதிக்கு அவ்வளவு ஓடினேன். ஜிம்மியைக் காக்கக்கூடியதற்கு ஓடவில்லை.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் அவன் மெலிந்தான். கண்களைச் சுற்றி மயிர் உதிர்ந்து சாம்பல் பூத்தது. நடக்கும்போது தரையில் நகம் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. வெட்ட வெட்ட நகம் அசாதாரணமாக வளர்ந்தது. இரத்தம் எடுத்துப் பரிசோதித்து அதே டொக்டர் முடிவைச் சொன்னார். மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் உள்ளே ஒளிந்திருந்து வெளிப்படும் நோய் என்றார். சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்தது. இந்த நோயில் நாய்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டுத்தான் சாகின்றன.

“பட்டி போட்டீர்களா?” என்று அவர் கேட்டபோது மனைவி என்னை முந்திக்கொண்டு, “போட்டனாங்கள், இவர்தான் வாங்கிவந்து போட்டவர்” என்றாள். டொக்டர் என்னைப் பார்த்தார். “ஓம், நீங்கள் சொன்னதுதான்” என்றேன். எந்தப் பட்டியும் நூறு வீதம் காக்காது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். காரில் வரும்போது மனைவி என் கையைப் பிடித்து, “நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீங்கள்” என்று ஆறுதல் சொன்னாள். அதை ஏற்றுக்கொண்டு வீடு வந்தேன்.

சிகிச்சையின் முதல் 28 நாள் மில்டெஃபோசின் என்ற திரவ மருந்து. சாப்பாட்டோடு கலந்து கொடுக்க வேண்டும், கையுறை போட வேண்டும், கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஜிம்மியைக் குட்டியாகத் தூக்கிவந்தவள் அவள்தான். அவனைப் பார்க்க வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, கிட்ட வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஜிம்மி அவளைக் கண்டு வாலாட்டினான், பிறகு வாந்தி எடுத்தான். அந்த மருந்து அப்படித்தான் செய்யும். அதோடு அலோபியூரினோல் மாத்திரை, நாள்தோறும். எங்கள் வயதுக்காரர் கீல்வாதத்துக்குப் போடும் அதே மாத்திரை. அது சிறுநீரில் கல் கட்டாதிருக்க ஈரல், மத்தி மீன் போன்றவை கூடாது. இரண்டும் அவனுக்கு உயிர்.

இரவுகளில் நித்திரை இல்லாமல் இந்த நோயைப் பற்றிப் படித்தேன். இதே குடும்பத்து ஒட்டுண்ணியை 1903இல் உலகுக்கு அறிவித்தவர்கள் வில்லியம் லீஷ்மனும் சென்னை மருத்துவமனையில் பணிபுரிந்த சார்ல்ஸ் டொனோவனும். இந்தியாவில் காலா அசார் என்று ஆயிரமாயிரம் உயிர் குடித்தது அது. இலங்கையிலும் தோலில் புண்ணாக வரும் வகை இருக்கிறது. தெரியாத தேசத்து நோய் என்று சொல்லும் சாட்டும் எனக்கு மிஞ்சவில்லை.

அடுத்த முறை போனபோது டொக்டர் பட்டியின் பெட்டி இருக்கிறதா, அதில் தொகுதி எண் இருக்குமே என்று கேட்டார். பட்டி போட்டும் நோய் வந்திருப்பதால் மருந்து பலனளிக்கவில்லை என்று கால்நடை மருந்துகள் இயக்குநரகத்துக்கு அறிவிக்கப் போவதாகச் சொன்னார். அப்படி அறிவிப்பது நடைமுறை. ஜிம்மியின் கழுத்தில் ஒருநாளும் இருந்திராத ஒரு மருந்தைக் குறைசொல்லி, என் பொய் அரசாங்கப் பதிவில் ஏறவிருந்தது. அதைப் படித்து யாரோ ஒருவர் தன் நாய்க்கு அந்தப் பட்டி பயனில்லை என்று நினைக்கக்கூடும்.

எழுந்து கதவுவரை போனவன் திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னேன். டொக்டர் திட்டவில்லை. கணினியில் பழைய வரியை அழித்துப் புதிதாக எழுதினார். அதை நான் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்தார். வீட்டுக்கு வந்து மனைவிக்கும் சொன்னேன். “அந்த மனுசி சொன்னபோதாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டாள். சில கிழமை என்னோடு அளவோடுதான் கதைத்தாள். ஜிம்மியின் மாத்திரையை அன்றிலிருந்து அவளே எடுத்துக் கொடுக்கிறாள்; எண்ணியும் வைக்கிறாள். என்னிடம் அதை ஒப்படைக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அது நியாயம்.

ஜிம்மி இப்போது ஓரளவு தேறியிருக்கிறான். சில மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரும் இரத்தமும் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி, கிரேக்கம், தென் பிரான்ஸ் பக்கம் நாயோடு போகும் யோசனை உள்ளவர்கள், எல்லையில் என்ன கேட்பார்கள் என்பதோடு நிறுத்தாமல், எல்லையில் கேட்காதது எது என்றும் உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியையே, அவர் சொல்லும் நாளுக்கு முன் போடுங்கள். பொழுது சாய்ந்தால் நாயை உள்ளே எடுங்கள். பட்டி இல்லாமல் ஏற்கெனவே போய்வந்தவர்கள், நாய் நலமாகத்தான் தெரிகிறது என்று இருந்துவிடாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பட்டி போட்டீர்களா என்று வைத்தியர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.