பெயர் பெறாத துயரம்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலாக அதனை எட்டு வகைப்படுத்திப் பெயரும் சூட்டியது தொல்காப்பியம். ஆனால் உடல் உரைத்த பின்னும் உரியவருக்கே தம் உணர்ச்சி இன்னதென்று புலப்படாவிட்டால் என் செய்வது?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் இந்நிலைக்கு ‘அலெக்ஸிதைமியா’ எனப் பெயரிட்டார். உணர்ச்சிக்குச் சொல் இன்மை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இது தனி நோயன்று; மனச்சோர்வு, ஆட்டிசம், பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனத்துன்பம் ஆகியவற்றை உடையோரிடம் மிகுதியாகக் காணப்படும் ஓர் இயல்பு.

இதனை அளக்க டெய்லர், பாக்பி, பார்க்கர் ஆகிய மூவரும் டொராண்டோ நகரின் பெயரால் ஓர் அளவுகோல் வகுத்தனர். 1994இல் வெளிவந்த அதன் வடிவில் 20 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என 1 முதல் 5 வரை எண்ணிட வேண்டும். கூட்டுத்தொகை 61ஐ எட்டினால் இந்நிலை உண்டு, 51க்கு மேற்படாவிட்டால் இல்லை, இடைப்பட்டது ஐயத்திற்குரியது.

என் தமையனாருக்காக இத்தகைய படிவம் ஒன்றை நான் படித்துக் காட்ட நேர்ந்தது. அண்ணி மறைந்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தவில்லை. ‘கல்நெஞ்சன்’ என்றனர் உறவினர். பின்னர் ஓயாமல் வயிறு எரிகிறது என்றார். சோதனைகளில் குறை ஏதும் தென்படாமற் போகவே, மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கி நான் வினவ, அவர் நெடுநேரம் திகைத்திருந்து சொன்னார்: “என்ன உணர்கிறேன் என்று தெரிந்தால்தானே தம்பி, எவ்வளவு தெரியவில்லை என்று சொல்ல முடியும்?”

அறிஞர்களை வருத்தும் வினாவும் இதுவே. தன் உணர்ச்சியை அறியாதவரிடமே அவ்வறியாமையின் அளவைக் கேட்பது எங்ஙனம்? இக்குறையை நீக்கவே, மருத்துவர் நேரில் உரையாடி மதிப்பிடும் முறை ஒன்றை அவ்வறிஞர்கள் 2006இல் வெளியிட்டனர். மேலும், மனச்சோர்வு மிகும்போது எண் உயர்வதும், அது தணியும்போது தாழ்வதும் உண்டு. ஆதலின் ஒருநாள் கிடைத்த எண்ணைக் கொண்டு ஒருவர் இயல்பை முடிவுகட்டலாகாது.

படிவங்களோடு வாழ்பவன் நான். அலுவலகத்தில் கட்டம் ஒன்று நிரப்பப்படாதிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். அம்மருத்துவரோ திருப்பவில்லை. “எரிச்சல் எப்பொழுது வருகிறது?” என்றார். “மாலை ஏழு மணிக்கு.” “அந்நேரத்தில் வீட்டில் முன்பு என்ன நடக்கும்?” அண்ணன் தரையைப் பார்த்தார். “அவள் காய் நறுக்கிக்கொண்டே என்னோடு பேசுவாள்.” மருத்துவர் அதனைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எண் வேண்டாவென்று நான் கூறவில்லை. சொல்லின்மை கல்நெஞ்சு ஆகாது என்பதை எங்கள் உறவினருக்கு உணர்த்தியது அவ்வெண்ணே. ஆயினும் எண் வாயிலைக் காட்டுமேயன்றி உள்ளே அழைத்துச் செல்லாது. “என்ன வருத்தம்?” என்று கேட்டு விடை பெறாதோர், “எங்கே வலிக்கிறது, எப்பொழுது?” என்று கேட்டுப் பார்க்கட்டும். அதற்குச் சிறிது பொறுமை வேண்டும். அதனைச் சுற்றத்தார்தாம் தர இயலும்.